வருமானக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒரே எண்

ஜூன், ஜூலை மாதங்களில் கல்விக் கடன் கேட்டு வரும் பெற்றோரின் கையில் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் யாவும் அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ‘பெற்றோரின் ஆண்டு வருமானம்’ என்ற கட்டத்திற்கு வரும்போதுதான் பேனா தயங்கும்.

அண்மையில் ஒரு தந்தை நம் மேசைக்கு இரண்டு ஆவணங்களைக் கொண்டுவந்தார். கடன் கிடைக்க வேண்டுமே என்று இணைத்த வருமான வரிக் கணக்கில் 6 லட்சம் ரூபாய் இருந்தது. வட்டி மானியம் கிடைக்க வேண்டுமே என்று பெற்ற வருமானச் சான்றிதழில் 3 லட்சத்து 60 ஆயிரம். இரண்டும் ஒரே ஆண்டுக்குரியவை. “ஐயா, இவற்றுள் எது சரி?” என்று கேட்டோம். “இரண்டுமே பிள்ளைக்காகத்தான் சார்” என்றார். அம்மறுமொழியில் வஞ்சகத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது.

வருமானம் குறைவென்றால் கடன் மறுக்கப்படும் என்பது முதல் அச்சம். கல்விக் கடன் பெற்றோரின் இன்றைய வருவாயை மட்டும் நம்பித் தரப்படுவதன்று. படிப்பை முடித்து மாணவர் ஈட்டப்போகும் வருவாயையும் கருதித் தரப்படுவது. 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு அரசின் கடன் உத்தரவாதத் திட்டமும் துணை நிற்கிறது. ஆகவே வருமானத்தைக் கூட்டிக் காட்ட வேண்டியதில்லை.

வருமானம் சற்று மிகுந்தால் சலுகை போய்விடும் என்பது இரண்டாவது அச்சம். இதற்கு அடிப்படை உண்டு. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டப்படி, குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 4.5 லட்சத்திற்குள் இருந்தால், தொழில்சார், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான கடனில் படிப்புக் காலத்திற்கும் அதன் பின் ஓராண்டிற்கும் உரிய வட்டியை அரசே ஏற்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்காண்டுகள் கடன் பெறுவதாகவும், தனிவட்டி 10 சதவீதம் என்றும் கொள்வோம். ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டுமே 1 லட்சத்து 40 ஆயிரம் ஆகும். எளிய குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

இங்கே பலர் தவறுவது கணக்கறியாமையால்தான். மாதம் 34 ஆயிரம் ரூபாய் கையில் பெறுபவர் 4 லட்சத்து 8 ஆயிரம் என எழுதிவிடுகிறார். வருங்கால வைப்பு நிதி முதலிய பிடித்தங்களுக்கு முன் அவர் ஊதியம் 40 ஆயிரம் எனில், எழுத வேண்டியது 4 லட்சத்து 80 ஆயிரம். தாயின் ஊதியம், வாடகை, வைப்புத்தொகை வட்டி ஆகியவையும் இதில் சேரும்.

எல்லைக்கோட்டை ஆயிரம் ரூபாய் தாண்டியவர் அனைத்தையும் இழப்பது நியாயமா என்று கேட்டால், படிப்படியாகக் குறையும் சலுகையே நியாயமானது என்பது நம் கருத்து. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டம் அத்திசையில் ஒரு படி. பட்டியலிடப்பட்ட கல்வி நிறுவனங்களில் பயிலும், பிற அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாத மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருப்பினும், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை இதில் உண்டு.

விதி கடுமையானது என்பதற்காகப் பொய்ச் சான்று தீர்வாகிவிடாது. கல்விக் கடனில் முதன்மைக் கடனாளி மாணவரே. பெற்றோர் இணைக் கடனாளி. தகுதியின்றிப் பெற்ற மானியம் பின்னர் மறுக்கப்பட்டால், அவ்வட்டி பிள்ளையின் கணக்கில்தான் ஏறும். முதல் வேலையில் சேரும் இளைஞர் தாம் எழுதாத ஓர் எண்ணுக்கு விடை சொல்ல நேரும். பிள்ளைக்காகச் செய்தது பிள்ளையின் தலையிலேயே விழுவதைக் காட்டிலும் கொடுமை வேறில்லை.

நம் போன்ற அலுவலர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. “சான்றிதழை இணைத்து வாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மொத்த வருமானம் என்றால் என்ன, எந்தத் திட்டத்திற்கு எந்த வரம்பு என்று பத்து நிமிடம் விளக்கினால் பாதித் தவறுகள் நேரா.

அத்தந்தையிடம் அவ்வாறே பேசினோம். வருவாய் அலுவலரிடம் உண்மைக் கணக்கைக் காட்டி, 6 லட்சத்திற்கே புதிய சான்றிதழ் பெற்று வந்தார். முழு மானியம் கிடைக்கவில்லை. மகள் சேர்ந்த கல்லூரி பட்டியலில் இருந்ததால் 3 சதவீதச் சலுகைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. கையொப்பமிடும்போது, அந்தக் கட்டத்தில் எழுதியிருந்த எண்ணை மகளிடம் தாமே காட்டினார்.