கணினிக்குக் கணித்த மரண ஜாதகம்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு உலகிலுள்ள கோடிக்கணக்கான கணினிகளுக்கு ஆயுள் முடிந்தது என்று ஒரு ஜாதகம் கணிக்கப்பட்டது. கணித்தவர் காசிப் பண்டிதரல்லர். அமெரிக்க நாட்டு மைக்ரோசாப்ட் கம்பெனியார். விண்டோஸ் 10 என்னும் தங்கள் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜாதகம் என்றால் பரிகாரமும் இருக்க வேண்டுமன்றோ? அதுவும் இருந்தது. கட்டணம் செலுத்துவோர்க்கும், அவர்கள் விதிக்கும் வேறு நிபந்தனைகளுக்கு உடன்படுவோர்க்கும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுத் தவணை அருளப்பட்டது.

கெடா மாநிலத்துத் தமிழ் மக்கள் இந்த ஜாதகத்தை எவ்வாறு ஏற்றார்கள் என்பதே நமது கேள்வி. "இனி இது உதவாது, புதிது வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் தலையை ஆட்டிவிட்டு, மாதத் தவணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு வீடு திரும்புவோர் அநேகர். பழைய மடிக்கணினி முதலில் அலமாரியின் மேல் ஏறுகிறது. அடுத்த தீபாவளிக்கு வீடு கழுவும்போது பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறுகிறது. ஏன் உதவாது, யார் சொல்லி உதவாது என்று ஒரு கேள்வி, ஒரேயொரு கேள்வி, அவர்கள் வாயிலிருந்து வருவதில்லை.

செத்தது எது என்று பார்ப்போம். அக்டோபர் 15ஆம் நாள் காலையில் அந்தக் கணினிகள் யாவும் வழக்கம்போலவே விழித்தன. விசைப்பலகை பழுதாகவில்லை, திரை இருளவில்லை. முடிந்தது, ஒரு கம்பெனி கொடுத்திருந்த வாக்கு. பூட்டுச் செய்தவன் இனிப் பூட்டைப் பழுதுபார்க்க வரமாட்டேன் என்கிறான்; ஆகவே, அந்தப் பூட்டை நம்பி வீட்டை விட்டுச் செல்வது அறிவீனந்தான். ஆனால் பூட்டுக்காரன் வரமாட்டான் என்பதற்காக வீட்டையே இடிப்பார் உண்டோ? பூட்டை மாற்றுவதன்றோ முறை?

இனி, விண்டோஸ் 11 என்னும் புதுப் பூட்டுக்கு இந்தப் பழைய வீடுகள் ஏன் ஆகாவாம்? 2021ஆம் ஆண்டில் அது வெளிவந்தபோது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்றும், இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்றும் விதி செய்தார்கள். எட்டாம் தலைமுறை வந்தது 2017இல். 2016இல் மூவாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய கணினி, எழுதவும் கணக்குப் போடவும் பாடம் பார்க்கவும் இன்றும் போதுமானதாயிருந்தும், பிறந்த ஆண்டு காரணமாகத் தள்ளி வைக்கப்படுகிறது. பிறப்பைக் காட்டித் தள்ளி வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அதனால்தானோ என்னவோ, நம்மவர் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்கிறார்கள்!

வேடிக்கை என்னவெனில், இஃதெல்லாம் நடப்பது கெடாவில். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இன்டெல், இன்பினியன் முதலிய கம்பெனிகளின் ஆலைகள் அங்கே நிற்கின்றன. பாடாங் செராயிலும் லுனாஸிலும் பொழுது விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நம் பெண்டிரையும் இளைஞரையும் பாருங்கள். உலகத்துக்கே சில்லுச் செய்து அனுப்பும் ஊரில் உழைக்கும் அந்தக் கைகள், தம் வீட்டுக் கணினியின் பின்மூடியிலுள்ள ஆறு திருகாணிகளைக் கழற்ற அஞ்சுகின்றன. கங்காணி சொன்னதைச் செய். சொல்லாததைத் தொடாதே என்று மூன்று தலைமுறை பழக்கிய பழக்கம், லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பின்னும் கூடவே வந்துவிட்டது.

மேடையேறினாலோ, 1025இல் இராசேந்திரன் கடாரம் வென்ற பெருமைக்குக் குறைவில்லை. புஜாங் பள்ளத்தாக்கின் பழங்கற்களைக் காட்டி மார் தட்டுவோர், தங்கள் பிள்ளையின் கணினி ஏன் மெதுவாக நடக்கிறதென்று அறியார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல் பெருமை. பத்தாண்டுக்கு முந்திய கணினி அவமானமாம்!

நிற்க. மாற்றுப் பூட்டு எங்கே என்று கேட்பீர்கள். நம் நாட்டு வைத்தியர் சிலர் மருந்தின் குறிப்பை மகனுக்கும் சொல்லாமல் மூடி வைத்து, தாம் போகும்போது அதையும் கூடவே கொண்டுபோன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். விண்டோஸ் போன்ற மென்பொருள் அந்த வகை. இதற்கு மாறாக, மென்பொருளின் மூலத்தை யாவரும் ஓடவிடலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் கொள்கையோடு 1983இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ என்னும் முயற்சியைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டின் சேர்க்கையில் பிறந்தவையே டெபியன், உபுண்டு, லினக்ஸ் மிண்ட் முதலிய இயங்குதளங்கள். விலையில்லை, உரிமச் சீட்டு இல்லை. ஒரு வைத்தியர் போனாலும் குறிப்பு மற்றவரிடம் இருப்பதால் மருந்து நிற்பதில்லை. லினக்ஸ் என்றதும் அஞ்சுகிறவர் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசி, அந்த லினக்ஸ் கருவின் மேல்தான் நடக்கிறது.

தோட்டத்து மக்களுக்கு இதனை வேறு விதமாகவும் சொல்லலாம். பால்மரத்தில் ஒரு பக்கத்துப் பட்டை தீர்ந்துவிட்டால் வெட்டுக்காரர் கோடரியைத் தேடுகிறாரா? மறுபக்கம் திரும்பி வெட்டுகிறார். அதற்குள் முதற்பக்கம் புதுப்பட்டை கட்டுகிறது. அதுவும் தீர்ந்தபின் ஏணி வைத்து மேலே வெட்டுகிறார். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் தரும் மரத்தை ஆறாம் ஆண்டு வெட்டிச் சாய்க்கச் சொல்லும் துரையைப் பைத்தியக்காரன் என்று லயம் முழுதும் சிரித்திருக்கும். கணினி விஷயத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று?

"பள்ளிப் பாடத்துக்கு விண்டோஸ் வேண்டுமே" என்பது பெற்றோர் சொல்லும் முதல் தடை. கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா என்னும் மேடை, உலாவியின் வழியாக நடப்பது. பயர்பாக்ஸோ குரோமியமோ உள்ள எந்தக் கணினியிலும் அது திறக்கும். கட்டுரை எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரெ ஆபிஸ் இருக்கிறது. தமிழுக்கு வழியுண்டோ என்பது அடுத்த தடை. தமிழ்99 விசை முறையை லினக்ஸில் காசில்லாமல் அமைத்துக்கொள்ளலாம். முரசு அஞ்சலை ஆக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். தமிழைக் கணினியில் ஏற்றும் வேலையில் மலேசியத் தமிழர் பின்வரிசையில் நின்றவரல்லர் என்பதற்கு அவரே சான்று. இணையம் தடுமாறும் தோட்டப்புறத்து வீட்டில் கிவிக்ஸ் என்னும் செயலியைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவை வன்தட்டிலேயே வைத்துப் படிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களையும் அதன் பக்கத்திலேயே சேர்க்கலாம். கேரளத்துப் பள்ளிகள் சுமார் இருபது ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்திவருகின்றன. அங்கே எந்தப் பிள்ளையும் அதனால் முட்டாளாகிவிடவில்லை.

குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கடைக்கணக்கு மென்பொருள் பல இதில் நேரே ஓடா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். தமிழ் இடைமுகங்களின் மொழிபெயர்ப்பு பாதி வழியில் நிற்கும் இடங்களும் உண்டு. 32 பிட் செயலியுள்ள மிகப் பழைய கணினிகளுக்கு டெபியனே கதவைச் சாத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த பதின்மூன்றாம் பதிப்பில் அவற்றுக்கு நிறுவி கிடையாது. எந்த லினக்ஸ் உயர்ந்தது என்று சைவ வைணவச் சண்டை போடும் லினக்ஸ் அன்பர்களும் புதியவரை விரட்டுவதில் கெட்டிக்காரர்கள். இத்தனையும் மெய். எனினும் இவையெல்லாம் அறிந்து கடக்கக்கூடிய குறைகள்; கடைக்காரர் காட்டும் தவணைப் பத்திரமோ அறியாமல் மாட்டிக்கொள்ளும் வலை.

நம் சங்கங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் அடைபட்டபோது, ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் தகப்பனாரின் ஒரே கைபேசிக்குக் காத்திருந்ததைக் கண்டோம். 500 பள்ளிகளில் 150,000 மாணவர்க்குக் கணினி வழங்க 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 150 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. எட்டாத பிள்ளைகள் எட்டாதவரே ஆயினர். அந்நாளில் நகரத்து அலுவலகங்களிலும் வசதியுள்ளோர் வீடுகளிலும் தூசி படிந்து கிடந்த கணினிகளைக் கேட்டு வாங்கிச் சீர்செய்து கொடுத்த சங்கங்கள் எத்தனை? மாறாக, பந்தல் போட்டு, மாலை மரியாதை செய்து, பிரமுகர் கையால் ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து புது மடிக்கணினி கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் விழாக்கள் இன்றளவும் நடக்கின்றன. பந்தற்காரருக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவில் எத்தனை பழைய கணினிகளுக்குப் புது எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம் என்று செயலாளர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

"எங்களுக்கு யார் சொல்லித்தருவது?" என்கிறார்கள். 1946இல் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி முதலானோர் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றபோது எந்த நிபுணர் வந்து சொல்லித்தந்தார்? இந்த வேலை அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கடினமன்று. முதலில் படங்களையும் பத்திரங்களையும் வேறொரு தட்டில் நகலெடுத்து வைக்க வேண்டும். இதை மறந்தவர் பிறகு அழுவார். மின்சாரத்தைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றி, மூடியைத் திறந்து, விசிறியில் அடைந்த தூசியைத் துடைக்க வேண்டும். கணினி சூடேறித் தள்ளாடுவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தூசியும், செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையுமே. சுழலும் பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் ஆமை முயலாவதைக் கண்ணாரக் காணலாம். நினைவகம் நான்கு ஜிபி இருந்தால் மிண்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு. இரண்டே என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது எல்எக்ஸ்கியூடி முகப்போடு டெபியன். எனினும் இரண்டு ஜிபியில் உலாவியின் பத்துப் பக்கங்களை ஒருசேரத் திறந்து வைத்து வைவது நியாயமன்று. கனம் இயங்குதளத்தில் இல்லை, இன்றைய இணையப் பக்கங்களில் இருக்கிறது.

இயங்குதளத்தின் கோப்பை யுஎஸ்பி குச்சியில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் ஓர் எழுத்தும் மாறாது. வைபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, நிழற்படக்கருவி தெரிகிறதா என்று சோதித்து, மனம் ஒப்பினால் நிறுவலாம். ஒப்பாவிட்டால் குச்சியைப் பிடுங்கிவிடலாம். வாங்குமுன் பார்த்துக்கொள்ள இவ்வளவு தாராளமாக எந்தக் கடைக்காரர் இடங்கொடுத்தார்?

எறியப்படும் கணினி எங்கே போகிறது என்பதையும் எண்ண வேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 62 மில்லியன் டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடு. மிச்சம் எங்கோ ஏழைகளின் வாசலில் எரிகிறது, புதைகிறது. சீனா 2018இல் தன் கதவை அடைத்தபின் அயல்நாட்டுப் பிளாஸ்டிக் குப்பை சுங்கைப் பட்டாணி வட்டாரத்துக்கு வந்து எரிந்ததையும், அந்தப் புகையை எதிர்த்து ஊரார் குரல் எழுப்பியதையும் இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். ஊரான் குப்பைக்கு மூக்கைப் பிடித்தவர்கள், தம் வீட்டு வாசலில் கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடலாமா? நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிகளில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்னும் எண்ணோடு ஆபத்துக் கழிவுகளின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. மெய்யாகவே மாண்டுபோன கணினிகளும் உண்டு. தாய்ப்பலகை எரிந்ததை எந்த லினக்ஸும் எழுப்பாது. அத்தகையதைச் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். ஒப்படைக்குமுன் நினைவகச் சட்டத்தையும் வன்தட்டையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தாமானில் மெதுவாக நடக்கும் ஒரு கணினிக்கு அவை வேண்டியிருக்கும்.