மறுவீட்டு விருந்து

நம் சிறுவர்க்குச் சொல்லப்படும் கதைகள் எங்கே முடிகின்றன? பெரும்பாலும் மாலை மாற்றும் இடத்தில். இளவரசன் அரக்கனை வெல்கின்றான், இளவரசியைக் கைப்பிடிக்கின்றான், இருவரும் நெடுங்காலம் இன்புற்று வாழ்ந்தனர் என்று கூறிப் பாட்டி பிள்ளையை உறங்க வைத்துவிடுகின்றாள். நம் செஞ்சிக் கோட்டையின் கதையோ அந்த அளவுக்கும் செல்வதில்லை. இல்வாழ்க்கை தொடங்குமுன்னரே தேசிங்கு ராஜனைப் போர் அழைத்துக்கொள்கின்றது. தோழன் மகபத்கான் தன் மணப்பந்தலை விட்டுக் களத்துக்கு ஓடி வருகின்றான். 1714-இல் தேசிங்கு வீழ, மனைவி சிதையேறுகின்றாள் என்று கதைப்பாடல் முடிகின்றது. மாமியார் யார், மாமனார் எத்தகையவர் என்று கேட்க அங்கே நேரமே இல்லை!

திருமணத்துக்கு மறுநாள் நடப்பதைச் சொல்லும் கதை அரிது. அத்தகைய கதையொன்றை 2004-இல் வெளிவந்த ‘ஷ்ரெக் 2’ என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் படத்தில் கண்டோம். வில்லியம் ஸ்டெய்க் என்னும் முதிய ஓவியர், எண்பது வயதைக் கடந்தபின் 1990-இல் வெளியிட்ட சிறுவர் நூலே இதற்கு வித்து. 2001-இல் வந்த முதற்பாகத்தில், சதுப்பு நிலத்தில் தனித்து வாழும் ஷ்ரெக் என்னும் பச்சை நிறப் பூதம், பியோனா என்னும் இளவரசியை மணக்கின்றது. சாபத்தின் முடிவில் அவளும் பூதமாகவே நின்றுவிடுகின்றாள்.

இரண்டாம் பாகத்தில், பெண்ணைப் பெற்ற அரசனும் அரசியும் மணமக்களை அரண்மனைக்கு அழைக்கின்றனர். நம் வழக்கில் சொன்னால், மறுவீட்டு விருந்து. வாயாடிக் கழுதையொன்றும் அழையாத விருந்தாளியாய் உடன் செல்கின்றது. மருமகனைக் கண்டதும் மாமனார் முகம் சுளிக்கின்றார். உணவு மேசையில் பேச்சு பேரப்பிள்ளைகளைப் பற்றித் திரும்ப, பூதங்கள் தம் குட்டிகளையே தின்றுவிடுமோ என்று அவர் குத்திக் காட்டுகின்றார். வறுத்த இறைச்சி இருபுறமும் பிய்க்கப்பட்டுப் பறக்கின்றது. சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பர். பெரியவர்கட்கோ தம் வீட்டு விருந்து ஏதேனும் நினைவுக்கு வரக்கூடும்.

கதையின் சாரம் அம்மாமனாரிடமே உள்ளது. மருமகனை ஒழிக்கப் பூனையொன்றைக் கூலிக்கு அமர்த்தும் அளவுக்கு அவர் செல்கின்றார். ஏன் இத்தனை வெறுப்பு? அவரே ஒரு காலத்தில் தவளை! தேவதை ஒருத்தியின் தயவால் மனித உருப்பெற்று அரியணை ஏறியவர். அந்தத் தேவதை தன் மகனுக்கு இளவரசியைக் கேட்கும்போது, பழைய உருவம் வெளிப்பட்டுவிடுமே என்ற அச்சத்தால் மறுக்க இயலாமல் தவிக்கின்றார்.

இந்தத் தவளை அரசனை நாம் அடிக்கடி சந்தித்திருக்கின்றோம். திருமண ஓலை வாசிக்கப்படுமுன் பங்கு இல்லத்துக்கு வந்து, “பெண் கறுப்பு, சாமி”, “அவர்கள் நம் அந்தஸ்துக்குத் தகுந்தவர்கள் அல்லர்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெற்றோருள், தம் பாட்டன் எந்தக் குடிசையிலிருந்து வந்தார் என்பதை மறந்தவர்களும் மறைப்பவர்களும் உண்டு. சாதியின் பெயரைச் சொல்லாமலே அதைச் சொல்லிவிடும் திறமையும் சிலர்க்கு உண்டு.

ஷ்ரெக் என்ன செய்கின்றான்? தேவதையின் தொழிற்சாலையில் (ஆம், அவள் மந்திரநீரைப் புட்டி புட்டியாகத் தயாரிக்கின்றாள்) புகுந்து, அழகு தரும் நீரைத் திருடிக் குடிக்கின்றான். பொழுது விடிந்ததும் அழகிய மனிதன் ஆகின்றான். கழுதை வெண்குதிரை ஆகின்றது. நம் நாட்டில் 1975-இல் விற்பனைக்கு வந்த சிவப்பழகுக் களிம்பு ஒன்று, எதிர்ப்புகளுக்குப் பின்னர் 2020-இல் ‘பேர்’ என்னும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கிக்கொண்டது. பெயர் மாறிற்று, பெண் பார்க்கச் செல்வோரின் கண் மாறியதாகத் தெரியவில்லை.

நள்ளிரவுக்குள் மனைவி முத்தமிட்டால் அவ்வழகு நிலைக்கும். ஷ்ரெக் அதற்கு இசைகின்றான். பியோனா மறுத்துவிடுகின்றாள். தான் மணந்த அந்தப் பூதமே தனக்குப் போதும் என்கின்றாள். அதற்குச் சற்று முன், மாமனார் மருமகன் மீது பாய்ந்த மந்திரத்தைத் தம் மார்பில் ஏற்று, மீண்டும் தவளையாகிக் கிடக்கின்றார். அவரை இழிவாக நோக்காமல், முன்னெப்போதையும்விட இன்றே நீர் மேலான மனிதர் என்கின்றாள் அரசி. இப்படத்தில் நம்மை மிகவும் நெகிழச் செய்தது இக்காட்சியே.

குறையும் உண்டு. மதுக்கடைக் காட்சிகளும் பெரியவர்கட்கென்றே வைத்த சில கேலிகளும் சிறுவர் படத்துக்குத் தேவையற்றவை. பத்து வயதுக்குட்பட்டோரைத் தனியே அமர்த்திவிட்டு எழுந்து செல்லாதிருப்பது நன்று. 2007-இலும் 2010-இலும் வந்த அடுத்த பாகங்களில் கதை மெலிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தைப் பார்ப்பதானால், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, இயலுமாயின் சம்பந்தி வீட்டாரையும் அழைத்து உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்.