பத்து நிமிடம் கொடுங்கள்

மலேசியாவின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. 2025 டிசம்பர் 27ஆம் தேதி அங்கே யாரும் ஓடவில்லை, யாரும் பந்து உதைக்கவில்லை. விஜய்யின் கடைசிப் படம் என்று அறிவிக்கப்பட்ட ‘ஜனநாயகன்’ படத்தின் இசை வெளியீடு நடந்தது. அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடை முதல் கிள்ளான் தே தாரிக் மேசை வரை ஒரே பேச்சு. சென்னையில் நடக்க வேண்டிய விழா இங்கே எதற்கு? மேடையில் அரசியல் பேசக்கூடாது என்று காவல்துறை சொன்னது சரியா? ஒரு நடிகனுக்காக இத்தனை பேர் கூடுவது பெருமையா, சிறுமையா? முதல் கேள்விக்கு விடை எளிது. ரசிகன் இருக்கும் ஊருக்கு விழா வருகிறது. 2016இல் வந்த ‘கபாலி’யின் பெரும்பகுதி இந்த மண்ணில் எடுக்கப்பட்டது, மலாய் மொழியிலும் வெளியானது, சட்டத்தின் கை ஓங்கியிருக்க வேண்டும் என்பதற்காக மலேசியாவில் காட்டிய படத்தின் முடிவே மாறியது. ஒரு நாட்டின் பார்வையாளனுக்காக ரஜினி படத்தின் முடிவையே மாற்றுகிறவர்கள் அவன் ஊரில் ஒரு மேடை போடுவதில் என்ன ஆச்சரியம்? இரண்டாவது கேள்வியைக் காவல்துறையிடமும் மூன்றாவதை உபதேசிகளிடமும் விட்டுவிடலாம். எனக்கு எரிச்சல், யாரும் கேட்காத நான்காவது கேள்வியைப் பற்றியது. ஒரு நாள் விழாவுக்குத் தேசிய அரங்கையே திறந்துவிட முடிகிறது. அதே ரசிகன் ஆண்டு முழுக்கக் காசு கொடுத்துப் பார்க்கிற படத்தின் நடுவே பத்து நிமிட இடைவேளை விட மட்டும் ஏன் முடியவில்லை?

மறுபடியும் இடைவேளையா என்று பழைய வாசகர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. பாப்கார்ன் விலை பற்றிய பத்தியிலும் இது நுழைந்தது, கதாநாயகர்களின் வயது பற்றிய பத்தியிலும் நுழைந்தது. இந்த முறை ஒளித்து நுழைக்காமல் நேராகவே பேசிவிடலாம். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடித் திரையரங்குகளில் தமிழ்ப் படம் பார்க்கும்போது, சரியாக நடுவில், நாயகன் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில், திரையில் ‘இடைவேளை’ என்ற எழுத்து வந்து விழும். அரை மூச்சு விடுவதற்குள் அது மறைந்து இரண்டாம் பாதி ஓட ஆரம்பித்துவிடும். விளக்கு எரியாது, கதவு திறக்காது. அரங்கம் முழுக்க ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பும் உண்டு.

தமிழ்ப் படத்தில் இடைவேளை என்பது ஓட்டப்படும் இடத்தில் சொருகிய நிறுத்தம் கிடையாது. எழுதும் மேசையிலேயே அது தொடங்குகிறது. கதை விவாதத்தில் உட்காருபவர்கள் ‘இன்டர்வெல் பிளாக்’ என்று தனியாகப் பேசுவார்கள். அதற்குத்தான் முதல் ஒரு மணி நேரம் முடிச்சுப் போடுகிறார்கள். 2022இல் வந்த ‘விக்ரம்’ நல்ல சான்று. முகமூடிக் கூட்டத்தின் தலைவன் யார் என்பதை லோகேஷ் கனகராஜ் முதல் பாதி முழுக்க மூடி வைத்திருக்கிறார். செத்துப் போனதாக நாம் நம்பிய கமல்தான் அவர் என்பது இடைவேளையில்தான் உடைகிறது. அதற்குப் பிறகு வர வேண்டியது என்ன? ஆளுக்கு ஆள் திரும்பி, முதல் காட்சியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பார்க்கிற பத்து நிமிடக் கூச்சல். அந்தக் கூச்சலும் படத்தின் ஒரு காட்சிதான், அதை நடிப்பது பார்வையாளர்கள். அதை வெட்டிவிட்டால் கமலின் முகம் தணியும் முன்னே கதை அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. மொத்தம் மூன்று மணி நேரத்தை நெருங்குகிற படம் அது. அதற்குப் பிறகு வந்த பெரிய நடிகர்களின் படங்கள் சில மூன்று மணி நேரத்தையும் தாண்டிவிட்டன.

படம் ஒரே மூச்சில் ஓடினால்தானே கலை, நடுவில் நிறுத்துவது பாமரத்தனம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 2023இல் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன்’ வந்தபோது, 206 நிமிடப் படமாயிற்றே என்று வெளிநாடுகளில் சில திரையரங்குகள் தாமாகவே இடைவேளை விட்டன. அது அத்துமீறல் என்று படத்தொகுப்பாளர் தெல்மா ஸ்கூன்மேக்கர் கண்டித்தார். நியாயம்தான். இயக்குநர் வைக்காத நிறுத்தத்தை அரங்கு உரிமையாளர் வைக்கக்கூடாது. அதே நியாயத்தைத் திருப்பிப் போடுங்கள்: இயக்குநர் வைத்த நிறுத்தத்தை அரங்கு உரிமையாளர் எடுக்கவும் கூடாது. ராஜ் கபூர் ‘மேரா நாம் ஜோக்க’ருக்கு இரண்டு இடைவேளை வேண்டும் என்று நினைத்தார், இரண்டு விட்டார்கள். கிரண் ராவ் ‘தோபி காட்’ படத்துக்கு இடைவேளையே வேண்டாம் என்றார், 2011இல் இந்தியத் திரையரங்குகள் அதற்கும் இணங்கின. ஹாலிவுட்டே கைவிட்ட இந்த வழக்கத்தை 2024இல் ‘தி புரூட்டலிஸ்ட்’ எடுத்த பிராடி கார்பே திரும்பக் கொண்டுவந்து, 215 நிமிடத்தில் 15 நிமிடத்தை இடைவேளைக்கே ஒதுக்கினார். அதைப் பாமரத்தனம் என்று எந்த விமர்சகரும் எழுதியதாகக் காணோம். முடிவு செய்ய வேண்டியவர் படைப்பாளி. ரீல் மாற்றுவதற்காகப் பிறந்த வழக்கம், ரீல் ஒழிந்த பிறகு எதற்கு என்பதற்கும் இதுதான் விடை. ரீல் போய்விட்டது, ஆனால் அதை வைத்து வளர்ந்த கதை கட்டும் முறை போகவில்லை.

கலையை விடுங்கள், உடம்புக்கு வருவோம். இந்த நாட்டில் நீரிழிவு நோய் விகிதம் இந்தியர்களிடம்தான் மிக அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. இனிப்பு நீர்க்காரர்கள் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார முடியாது. மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் படத்துக்குப் போவது பெரும்பாலும் கூட்டமாகத்தான். பாட்டி, பேரன், மைத்துனி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஒரே வரிசையை அடைத்துக்கொண்டு உட்காரும் குடும்பத்தில், இரண்டாம் மணி நேரத்தில் பாட்டி எழுகிறார். இருட்டில் எட்டு முழங்கால்களைத் தாண்டிப் போகிறார். கூட ஒருவர் கைபேசி வெளிச்சம் காட்டிக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது வில்லன் யாரென்று தெரிந்து முடிந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் இருநூறு பேர் கழிப்பறைக்குப் போய்வர முடியுமா என்கிறார்கள். இப்போது அதே இருநூறு பேர் ஒருவர் பின் ஒருவராக மற்றவர் காலை மிதித்துக்கொண்டு போய்வரவில்லையா? இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் மஃரிப் தொழுகை நேரம் மாலை ஏழேகால் ஒட்டி வருகிறது. ஆறு மணிக் காட்சிக்கு வரும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள், வசன வரிகளை நம்பி வரும் மலாய் நண்பர்கள், தொழுகையை விடுவதா படத்தை விடுவதா என்று திண்டாட வேண்டியிருக்கிறது. இடைவேளை இந்தியப் பழக்கம், மலேசியாவுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். அதோடு, பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன் போன்ற இந்திய இயக்குநர்களின் கை பட்டு வளர்ந்த மலாய்த் திரையுலகின் நாட்டில், எது இந்தியப் பழக்கம் எது மலேசியப் பழக்கம் என்று கோடு கிழிப்பது அவ்வளவு சுலபமும் இல்லை.

இனி, நேரக் கணக்கு. அரங்கு நடத்துபவர்களின் உண்மையான தடை இதுதான், அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நீளமான படத்துக்கு ஒரு நாளில் கிடைப்பதே நான்கைந்து காட்சிகள். கடைசிக் காட்சி விட்டு கிள்ளானுக்குத் திரும்ப வேண்டியவருக்கு கேஎல் சென்ட்ரலில் கடைசி கொமுட்டர் ரயில் காத்திருக்காது. ஆனால் படம் தொடங்கும் முன்னே விளம்பரத்துக்கும் முன்னோட்டத்துக்கும் ஒரு கால் மணி நேரம் போகிறதே, அதில் பத்து நிமிடத்தை நடுவுக்கு நகர்த்தினால் காட்சி ஒரு நிமிடம்கூட நீளாது. அரை வெளிச்சத்தில் விளம்பரம் ஓடட்டும், போகிறவர் போகட்டும், இருப்பவர் பார்க்கட்டும். இதில் விளம்பரதாரருக்கும் நட்டமில்லை. இப்போது விளம்பரம் முடிந்தபின் நுழைவதையே பலரும் ஒரு சாமர்த்தியமாக வைத்திருக்கிறார்கள். வருமானம் பற்றிய கவலையும் அப்படியே. இந்தியாவின் ஆகப் பெரிய திரையரங்குத் தொடரான பிவிஆர் ஐநாக்ஸின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீனியும் பானமும் விற்று வருவது. அங்கே இடைவேளை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். 2020இல் எம்பிஓ திரையரங்குகள் மூடும் நிலைக்கு வந்ததைப் பார்த்த நாடு இது. வீட்டில் நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறவரை வெளியே இழுக்க வேண்டுமானால், ஒரு முறையாவது நிறுத்தத்தான் வேண்டும்.

தீனி என்றதும் பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். ஈப்போவில் புந்தோங் என்ற இடத்தில் கச்சாங் பூத்தே கம்பம் இருக்கிறது. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் அங்கே குடியேறி, கடலையும் பட்டாணியும் முறுக்கும் வறுத்துப் பொரித்து நாடு முழுக்க விற்றார்கள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை அள்ளிக் கொடுக்கும் கச்சாங் பூத்தேகாரர் பல காலம் நின்ற இடம் திரையரங்கு வாசல். படத்துக்கு முன்னும் இடைவேளையிலும் முடிந்த பிறகுமாக, மூன்று வேளை வியாபாரம். அவரைச் சுற்றிப் பூக்காரம்மா, வெற்றிலைக்கடை, பாட்டுப் புத்தகம் விற்கிறவர். தோட்டப்புறத்தில் இது இன்னும் அப்பட்டமாக இருந்தது. திடலில் வெள்ளைத் திரை கட்டி ஒற்றை இயந்திரத்தில் படம் ஓட்டிய காலத்தில், ரீல் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ஓர் இடைவேளை. பகலெல்லாம் பால் மரத்தோடு நின்ற சனங்கள் அந்த இடைவெளியில்தான் சம்பள பாக்கியையும் கல்யாணச் சேதியையும் பேசிக்கொண்டார்கள். அவர்களை வேலை வாங்கும் மண்டோரும் அதே திடலில்தான் உட்கார்ந்திருப்பார். படம் பாதி, இந்தப் பேச்சு பாதி.

நகரத்திலும் அரங்கு தெருவோடு ஒட்டியிருந்தது. துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையிலுள்ள கொலிசியம் 1920இல் கட்டப்பட்டது, பத்து ரோடு என்று பெரியவர்கள் சொல்லும் தெரு அது. அதன் வாசலைத் தாண்டினால் ஐந்தடி நடைபாதை. கொஞ்ச தூரத்தில் மஸ்ஜித் இந்தியா. அங்கே ஒரு படம் என்பது துணிக்கடை, தையல்காரர், மாமாக் கடை எல்லாம் சேர்ந்த ஒரு மாலை. இன்று பிரிக்பீல்ட்ஸில் படம் பார்க்க வேண்டுமானால் கேஎல் சென்ட்ரலை ஒட்டிய நு சென்ட்ரல் பேரங்காடிக்குள் மின்படி ஏற வேண்டும். துன் சம்பந்தன் சாலை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. 2010இல் மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்த வளைவும் வர்ணமும் கொண்ட லிட்டில் இந்தியா. கிள்ளானிலும் அதுதான் நிலைமை. துணியும் நகையும் மாலையும் தெங்கு கிளானா சாலையில். படம் புக்கிட் ராஜாவிலோ கிள்ளான் பரேடிலோ. வாரக் கடைசியில் வெளியே கிளம்பும் ரசிகனுக்கு இப்போது இரண்டு பயணங்கள், இரண்டு கார் நிறுத்தக் கட்டணம். பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். விடப்படுவது பெரும்பாலும் தெருவாகத்தான் இருக்கிறது.

பேரங்காடியைச் சபிப்பது எனக்கு உடன்பாடில்லை. பழைய அரங்குகளின் மூட்டைப்பூச்சியையும் சிறுநீர் நாற்றத்தையும், தனியாக வந்த பெண் பட்ட பாட்டையும் மறந்துவிட்டு ‘அந்தக் காலம்’ என்று உருகுபவர்கள் நல்ல சாட்சிகள் அல்ல. குளிர்சாதனமும் வெளிச்சமான நடைவழியும் பத்திரமான வீடு திரும்பலும் உண்மையான லாபங்கள். பெண்களும் முதியவர்களும் படத்துக்கு வருவது அதனால்தான். தெருவை அரங்குக்குள் கொண்டுவர முடியாது என்பதும் தெரிகிறது. ஆனால் தெருவில் நடந்த ஒன்றை மட்டும் கொண்டுவரலாம்: ஒரே இருட்டில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது. இப்போது படம் முடிந்ததும் ஒரு கூட்டம் நேராக வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடுகிறது, நுழையும்போது எல்லோரும் கைபேசியில் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் பந்திங்கிலிருந்து வந்தவரா பண்டமாரானிலிருந்து வந்தவரா என்று தெரிந்துகொள்ள மிச்சமிருக்கும் ஒரே வாய்ப்பு அந்த நடுப் பத்து நிமிடம்தான்.

அந்த நேரத்தில் வேறொரு நல்ல காரியமும் நடக்கலாம். 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ திரைக்கு வந்தது, புதிய ‘ஸ்டார் வார்ஸ்’ வந்த அதே வாரத்தில். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களைப் பற்றிய அந்தப் படம் மறுஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. திரையில் ஓடிய நாட்களில் அப்படி ஒரு படம் வந்திருப்பதே தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர்! தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’க்கும், பிரிக்பீல்ட்ஸையே களமாகக் கொண்ட ‘சலங்கை’க்கும் இதே கதிதான். சென்னைப் படத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேர் முன்னால், இடைவேளையில் இரண்டு நிமிடம் உள்ளூர்த் தமிழ்ப் படத்தின் முன்னோட்டம் காட்டினால் அதைவிட மலிவான விளம்பரம் அந்தத் தயாரிப்பாளருக்குக் கிடைக்காது.

எல்லாப் படத்துக்கும் எல்லாக் காட்சிக்கும் என்று கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படத்தை ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் தமிழ்ப் படங்களுக்கு, சனி, ஞாயிறு மாலைக் காட்சியில் மட்டும், இயக்குநர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி விளக்கைப் போடுங்கள். மூன்று மாதம் செய்து பார்த்துத் தீனி விற்ற கணக்கை எடுத்துப் பாருங்கள். வாசகர்களும் சும்மா இருக்க வேண்டாம். அடுத்த முறை நுழைவுச்சீட்டு வாங்கும்போது, இந்தப் படத்துக்கு இடைவேளை உண்டா என்று முகப்பில் கேளுங்கள். இல்லை என்றால் கருத்துப் படிவத்தில் அதை எழுதிவிட்டு உள்ளே போங்கள்.