குண்டு பாய்ந்த பிறகு: திரைத் துப்பாக்கி குறித்த கொள்கைப் பிரகடனம்

தமிழில் குற்றப் படங்களை எழுதுகிறவர்கள், இயக்குகிறவர்கள், ஒலி சேர்ப்பவர்கள், படத்தொகுப்பு அறையில் இரவைக் கழிப்பவர்கள், குண்டடி பட்டதுபோல் விழுந்து எழும் ஸ்டன்ட் கலைஞர்கள் எனப் பல துறையினர் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். திரையில் ஒரு கைத்துப்பாக்கி வெடித்தால், குண்டு பாய்ந்த பிறகு நடப்பதையும் அந்தப் படம் காட்ட வேண்டும். சுடப்பட்டவனின் உடம்பு என்ன ஆகிறது, சுட்டவனின் காதும் கையும் என்ன ஆகின்றன, வீட்டில் காத்திருப்பவர்களிடம் யார் போய்ச் சொல்கிறார்கள், காவல் நிலையத்தில் என்ன எழுதப்படுகிறது? இவற்றில் ஒன்றுக்காவது பதில் சொல்லாத தோட்டாவை இனி எங்கள் கதைகளில் செலவழிக்க மாட்டோம்.

கைத்துப்பாக்கி இன்று நம் படங்களில் நாயகனின் அணிகலன் ஆகிவிட்டது. இடுப்பிலிருந்து உருவும் வேகத்துக்கும், விரலில் சுழற்றும் லாவகத்துக்கும், பின்னணி இசை உச்சம் தொடும்போது தரையில் மெல்ல விழுந்து உருளும் காலித் தோட்டாவுக்கும் நாள்கணக்கில் உழைக்கிறோம். விழுந்தவனுக்கு அரை விநாடி. சட்டகத்தைவிட்டு வெளியேறியதும் அவன் கதையைவிட்டும் வெளியேறிவிடுகிறான். அவனுக்குப் பெயர் இல்லை, பிணத்தை எடுக்க ஆள் இல்லை. நாற்பது பேர் செத்துக் கிடக்கும் கிடங்கில் மறுநாள் காலை யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்கிற படம் அரிது.

இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்தி நடந்துவரும் பாணிக்கு மூலம் தேடினால் ஹாங்காங்குக்குப் போக வேண்டும். 1986-இல் ஜான் வூ இயக்கிய 'எ பெட்டர் டுமாரோ' படத்தில் சௌ யுன் ஃபாட் நடித்த மார்க், நண்பனுக்காகப் பழிவாங்க ஓர் உணவு விடுதிக்குள் போகிறான். போகும்போதே தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளில் துப்பாக்கிகளை ஒளித்து வைத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது கையில் இருப்பவற்றில் தோட்டா தீர்ந்திருக்கும், மறுபடி நிரப்ப நேரம் இருக்காது என்பது அவனுக்குத் தெரியும். அப்படியேதான் நடக்கிறது. காலியானதைக் கீழே போடுகிறான், தொட்டியில் இருப்பதை எடுக்கிறான். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் அவன் காலில் குண்டு பாய்கிறது. பிறகு நாம் பார்க்கும் மார்க் நொண்டுகிறான். அவனுக்குக் கீழே இருந்தவன் இப்போது முதலாளி. அவனுடைய காரின் கண்ணாடியைத் துடைக்கிற வேலைதான் மார்க்குக்கு மிஞ்சியிருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் தரையில் உட்கார்ந்து பொட்டலச் சோறு சாப்பிடுகிறான்.

அந்தப் படம் யதார்த்தமானது என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் சண்டை ஒரு நடனம். ஆனால் அந்த நடனத்துக்குள்ளேயே தோட்டாவுக்குக் கணக்கு இருந்தது, காயத்துக்குக் காலம் இருந்தது. நகலெடுத்தவர்கள் நீண்ட கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் இரட்டைத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார்கள். நொண்டலை விட்டுவிட்டார்கள். விட்டுப்போன அந்த நொண்டலை மீட்கவே நாங்கள் கூடியிருக்கிறோம்.

அடிபட்ட நாயகனைத் தமிழ் ரசிகன் ஏற்க மாட்டான் என்று கதை விவாதங்களில் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்கிறவர்கள் நம் திரையுலகின் வரலாற்றையே மறந்துவிட்டார்கள். 1967 ஜனவரி 12 அன்று மாலை, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். திரையில் பலமுறை மோதிக்கொண்ட இருவர். ராதாவும் குண்டுக் காயத்தோடுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். பிறகு வழக்கு, தண்டனை, சிறை. கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாகி ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்குப் போகாமலே பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். அரசியல் பேசுகிறவர்கள் இதுவரைக்கும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். சினிமாக்காரர்களாகிய நாங்கள் பேச வேண்டியது அவர் குரலைப் பற்றி.

அந்த ஆண்டே வெளியான 'காவல்காரன்' படத்தில் மக்கள் கேட்டது பழைய குரல் இல்லை. சொற்கள் தேய்ந்து, அடைத்துக்கொண்டு வந்தன. வேறொருவரைக் கொண்டு டப்பிங் பேசவைத்திருக்கலாம். எம்.ஜி.ஆர். தானே பேசினார். அடுத்த பத்து ஆண்டுகளும் அந்தக் குரலிலேயே காதலித்தார், வசனம் பேசினார், வில்லனை எச்சரித்தார். 1977-இல் முதலமைச்சரான பிறகு மேடைகளில் ஒலித்ததும் அதே குரல். கைத்துப்பாக்கியின் குண்டு ஒன்று, 1987-இல் அவர் மறையும்வரை அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தது. ரசிகர்கள் அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டார்கள், முன்னைவிட நெருக்கமாக நேசித்தார்கள். குண்டு பாய்ந்தால் மனிதன் பழையபடி ஆகமாட்டான் என்பதை ஒரு தலைமுறை முழுவதும் தன் செவியால் அறிந்த மண் இது. இங்கே நாயகன் தோளில் பட்ட குண்டுக் காயத்தைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு அடுத்த காட்சியில் பத்துப் பேரைத் தூக்கி வீசுகிறான் என்றால், அது பார்வையாளரின் அறிவுக்கும் அனுபவத்துக்கும் நாம் செய்யும் அவமரியாதை.

தோளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திரைக்கதைகளில் அதற்கு 'பாதுகாப்பான இடம்' என்று ஒரு பெயர் வந்துவிட்டது. கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கொத்தும் தோளுக்குள்தான் ஓடுகின்றன. அங்கே குண்டு பட்டால் கை நிரந்தரமாகச் செயலிழக்கலாம், சில நிமிடங்களில் உயிரே போகலாம். வயிற்றில் பட்டவர் மணிக்கணக்கில் நினைவோடு துடித்துக்கொண்டிருக்கலாம். பட்டதே தெரியாமல் கொஞ்ச தூரம் ஓடுகிறவர்களும் உண்டு. எப்படியானாலும் குண்டு பட்டவர் பின்னால் பறந்துபோய்க் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு விழுவதில்லை. 9 எம்.எம். பிஸ்டலிலிருந்து கிளம்பும் குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். கணக்குப் போட்டால், 70 கிலோ மனிதனை அது நொடிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்த்தும். இடுப்பில் கயிறு கட்டி எங்கள் ஸ்டன்ட் தோழர்களைப் பின்னால் இழுத்து, முதுகெலும்பை அடமானம் வைக்கச் சொல்வதெல்லாம் உலகில் நடக்கவே நடக்காத ஒரு காரியத்துக்காக. மடிந்து விழுவதை நடிக்கத் தெரிந்த கலைஞர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுங்கள்.

ஒலித் துறைத் தோழர்களிடம் எங்களுக்குத் தனி உரிமை உண்டு, எங்களில் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள். கைத்துப்பாக்கியின் வெடிச்சத்தம் சுமார் 160 டெசிபெல். 140-ஐத் தாண்டிய வெடிப்பொலி ஒரே முறையில் செவியைக் கெடுத்துவிடக்கூடும். மூடிய அறையில் சுட்டவனுக்கும் பக்கத்தில் நின்றவனுக்கும் அடுத்த சில நிமிடம் காதில் இரைச்சல்தான் இருக்கும், எதிரில் இருப்பவன் பேசுவது சரியாகக் கேட்காது. நம் படங்களில் சுட்ட மறுநொடி பஞ்ச் வசனம் வருகிறது. சைலன்சர் மாட்டினால் 'புஸ்' என்று காற்றுப் போகிறது. உண்மையில் சைலன்சர் குறைப்பது 20 முதல் 35 டெசிபெல்தான். மிஞ்சுவது பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பப் போதும். க்ளாக் பிஸ்டலில் வெளியே தெரியும் ஹேமரே கிடையாது, ஆனாலும் நெற்றியில் வைத்ததும் ஹேமரை இழுக்கும் 'க்ளிக்' வந்துவிடுகிறது. வசனத்துக்கு வசனம் ஸ்லைடை இழுத்து விடுகிறார்கள். அப்படி இழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் சுடாத தோட்டா ஒன்று வெளியே வந்து விழ வேண்டும். இவை சில்லறைத் தவறுகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓசையில் பயம் போய்விட்டால் துப்பாக்கியிலும் பயம் போய்விடும். ஒரு படத்திலாவது சுட்ட பிறகு பத்து விநாடி இசையை நிறுத்திவிட்டு, சுட்டவனின் அடைத்த காது வழியாக உலகைக் கேட்கவையுங்கள். அந்தப் பத்து விநாடிக்காக எந்தத் தயாரிப்பாளரிடமும் வாதாட இந்த இயக்கம் உடன் வரும்.

தோட்டாவை எண்ணுவோம். கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வரில் ஆறு, இஷாபூரில் தயாராகும் 9 எம்.எம். பிஸ்டலின் மேகசினில் பதின்மூன்று. ஏழாவது முறை ரிவால்வர் வெடிக்க வேண்டுமானால் நிரப்புவதைக் காட்டுங்கள். நிரப்பும் அந்தச் சில விநாடிகளில்தான் கை நடுங்கும், எதிராளி நகர்வான், பார்வையாளர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்றும் கதை சொல்ல வேண்டும். நம் ஊர்க் கொலைச் செய்திகளில் அரிவாளும் கத்தியும்தான் பெரும்பாலும் வருகின்றன. கைத்துப்பாக்கி பிடிபட்டால் அதன் பூர்வீகமே தனி வழக்காக விரியும். பீகாரின் முங்கேர் போன்ற ஊர்களில் கள்ளத்தனமாகச் செய்யப்பட்டு, ரயிலேறி, கை மாறி வருகிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்கியவர்கள்கூடத் தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கதை இருக்கிறது. நம் படங்களிலோ அடியாட்கள் ஒவ்வொருவர் இடுப்பிலும் அது தானாக முளைத்திருக்கிறது.

இனிச் சொல்வதில்தான் எங்கள் கவலை அதிகம். காவல் அதிகாரியின் கையில் இருக்கும் துப்பாக்கி. 'போட்டுத் தள்ளுவது' நம் திரையில் நீதியின் இன்னொரு பெயராகிவிட்டது, அரங்கம் எழுந்து விசில் அடிக்கிறது. என்கவுன்ட்டர் சாவுகள் பற்றி 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடக்க வேண்டும். சுட்டவர் தன் ஆயுதத்தைச் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த உடனே பதவி உயர்வோ வீரப்பதக்கமோ தரக் கூடாது. இவ்வளவும் அன்றிலிருந்து இந்நாட்டுச் சட்டம். இதில் எந்தக் காட்சியை நாம் எடுத்திருக்கிறோம்? 2023-இல் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் பட்டேல், நடைமுறையைத் தாண்டிய உடனடி நீதியைக் கொண்டாடும் சினிமா ஆபத்தான செய்தியைச் சொல்கிறது என்று பொதுமேடையில் எச்சரித்தார். அவர் உதாரணம் காட்டிய 'சிங்கம்' இந்திப் படம், 2010-இல் வந்த நம் 'சிங்கம்' படத்தின் மறு ஆக்கம். அந்த எச்சரிக்கையில் நமக்கும் பங்கு உண்டு.

வழி இல்லாமல் இல்லை. 1987-இலேயே 'நாயகன்' காட்டியிருக்கிறது. சட்டம் விடுவித்த வேலு நாயக்கரை நீதிமன்ற வாசலில் சுட்டு வீழ்த்துவது, அவர் கொன்ற காவல் அதிகாரியின் மகன். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கொலையின் பின்விளைவு வளர்ந்து, எதிரில் வந்து நிற்கிறது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' (2015), என்கவுன்ட்டரைச் சுடப்படுகிறவனின் பக்கத்தில் நின்று பார்க்கவைத்தது. பிழைப்புக்காகக் குண்டூர் போன கூலித் தொழிலாளிகள் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி இருட்டில் பதுங்குகிறார்கள். அங்கே வெடித்த துப்பாக்கிக்கு யாரும் விசில் அடிக்கவில்லை. 'வேட்டையன்' (2024) தவறான மனிதனைச் சுட்டுவிட்ட அதிகாரியாக ரஜினிகாந்தை நிறுத்தியது. அந்தப் படத்தின் மற்ற பகுதிகளில் எங்களுக்குள்ளேயே மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனால் உச்ச நட்சத்திரத்தின் கையிலிருந்த துப்பாக்கியையே கேள்வி கேட்ட துணிவை மனதார வணங்குகிறோம்.

தடை கேட்டு நாங்கள் வரவில்லை. புகைபிடிக்கும் காட்சியின் அடியில் ஓடும் எச்சரிக்கை வரி துப்பாக்கிக்கும் வேண்டாம். தணிக்கை வாரியத்துக்குக் கத்திரியை நீட்டுவதும் எங்கள் நோக்கம் இல்லை. வன்முறையைக் குறைவாகக் காட்டச் சொல்லவே இல்லை, முழுதாகக் காட்டச் சொல்கிறோம்.

படப்பிடிப்புத் தளத்தில் மட்டும் எங்களிடம் சமரசம் கிடையாது. 1993-இல் அமெரிக்காவில் 'தி க்ரோ' படப்பிடிப்பில் 28 வயது பிராண்டன் லீ இறந்தார். முந்தைய காட்சிக்குப் பயன்பட்ட டம்மி தோட்டாவின் முனை குழலுக்குள் சிக்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் குண்டில்லாத பிளாங்க் தோட்டா வெடித்தபோது அந்த முனை பாய்ந்தது. 2021-இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். தளத்துக்குள் வரவே கூடாத உண்மையான தோட்டா ரிவால்வருக்குள் இருந்தது. ஆகவே எங்கள் தளங்களில் உண்மையான தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கி நுழையாது. ரப்பர், டம்மி துப்பாக்கிகள் போதும், வெடிப்பின் ஒளியை சி.ஜி.யில் சேர்த்துக்கொள்ளலாம். பிளாங்க் தவிர்க்க முடியாத இடத்தில், அந்த வேலைக்கென்றே ஒருவர் பொறுப்பேற்று, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நடிகரின் கண்முன்னே துப்பாக்கியைத் திறந்து குழலைக் காட்ட வேண்டும். நேரமாகிவிட்டது, வெளிச்சம் போகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும், காட்டாத துப்பாக்கியின் முன்னால் நிற்க மறுக்கும் துணை நடிகருக்குப் பின்னால் இந்த இயக்கம் நிற்கும்.

முதல் வேலையாகத் திரைக்கதைகளை வாசிக்கும் கூட்டங்களைத் தொடங்குகிறோம். துப்பாக்கி வெடிக்கும் காட்சி ஒன்றையும், அதற்கு அடுத்து வரும் காட்சியையும் எழுதிக்கொண்டு வாருங்கள். மருத்துவம், சட்டம், ஒலி தெரிந்தவர்கள் உடன் உட்கார்ந்து படிப்பார்கள். கட்டணம் கிடையாது. எந்தச் சங்கத்தில் உறுப்பினர், எத்தனை படத்தில் வேலை செய்தவர் என்று யாரையும் கேட்க மாட்டோம்.