பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கோடை பிறந்ததும் ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று ஏ.சி. மெக்கானிக் உரைப்பதும், வீட்டுக்காரர் மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுப்பதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அன்பர்களே, அவ்வாயு தீர்ந்துபோகும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றி வந்து அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுவதே அதன் பணி. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதன்றி வேறென்ன?

கெபாசிட்டரோ விசிறி மோட்டாரோ கெட்டிருந்தால் தயங்காது மாற்றிக்கொள்ளலாம். அதற்காகப் புதிய ஏ.சி. வாங்கச் சொல்வோரின் பேச்சுக்குச் செவி சாய்க்கலாகாது. ஆனால், பத்தாண்டு கடந்த ஆர்-22 இயந்திரத்தில் கம்ப்ரஸர் செயலிழந்தாலோ, காயில் அரித்துக் கசிந்தாலோ, அதற்குச் செலவிடுவது வீண் என்பதே நம் கருத்து. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் அவ்வாயுவை 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் உலகம் கைவிட்டு வருகிறது. இந்தியாவில் பெரும்பாலும் நிறுத்துவதற்கான இலக்கு 2030. நம் பணம் மட்டுமா கரைகிறது? கசியும் ஒரு கிலோ ஆர்-22, நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ கரியமில வாயுவைவிட 1,700 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடேற்றுகிறது.

பழைய பெட்டியில் ஆர்-32 நிரப்பித் தருவதாகக் கூறுவோரும் உளர். அதன் அழுத்தம் மிகுதி. தீப்பற்றும் தன்மையும் உண்டு. குழந்தைகள் உறங்கும் அறையில் அச்சோதனைக்கு எவரும் இடமளிக்கலாகாது.