குவாரி எல்லைக்குள் ஈமக்காடுகள்

தமிழ்நாடு அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆணையர் அவர்களுக்கு,



பெருங்கற்காலக் கல்லறைகளைப் பற்றிய மடல் தொல்லியல் துறைக்குத்தானே போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கல்லறைகளைக் கட்டியவர்கள் தேடிப்போன பாறையைத்தான் இன்று குவாரிக்கு விண்ணப்பிப்பவர்களும் தேடுகிறார்கள். குத்தகைக் கோப்பு வருவதோ உங்கள் துறைக்கு. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

எந்த வட்டாரத்தில் எந்த வகைக் கல்லறை என்பதைப் பெருமளவு முடிவு செய்தது அங்கே கிடைத்த கல்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில், குன்றின் வெறும் பாறைமேல் கல்திட்டைகள் நிற்கின்றன. அந்தப் பாறை தட்டுத் தட்டாக உரியக்கூடியது. இயல்பாக விட்ட பிளவில் பலகையைப் பெயர்த்து, பக்கச் சுவர்களாகச் செங்குத்தாக நிறுத்தி, மேலே மூடுகல்லை ஏற்றினார்கள். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கால் மீட்டர் கனமும் உள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 4 டன் இருக்கும் என்பதை உங்கள் புவியியலாளர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். மண்ணைச் சரிவாகக் கொட்டி, அதன்மேல் இழுத்து ஏற்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களிடையே உள்ள கருத்து.

மண்ணுக்குள் அமைந்தவை கற்பதுக்கைகள். குழி தோண்டி, தரைக்கல் பரப்பி, நான்கு பலகைகளை நிறுத்துவார்கள். ஒவ்வொரு பலகையின் ஒரு முனை பக்கத்துப் பலகையைத் தாண்டி நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவத்திக வடிவம். வெளியிலிருந்து மண் அழுத்தும்போது பலகைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், உள்ளே சரியாது. சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இந்த அமைப்பை விரிவாகப் பதிவு செய்தார். பல பதுக்கைகளில் ஒரு பலகையில் வட்டமான இடுதுளை இருக்கும். எல்லாம் முடிந்தபின் மேலே கற்குவை. சுற்றிலும் உருண்டைப் பாறைகளால் கல்வட்டம். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அப்படியொரு கல்லறை மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகளைத் தந்தது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் போனால் செம்பூரான் கல்லும் சரளையும். அங்கே கல்வட்டங்களுக்கு அடியில் தாழிகளும், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் இருக்கின்றன. சாணூரில் 1950-களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வு இவற்றை வெளிக்கொணர்ந்தது. பலகைக்கல்லை நம்பாத தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் பரம்பு முழுவதும் தாழிக்காடு.

இனி உங்கள் கோப்புகளோடு இதைப் பொருத்திப் பாருங்கள். தட்டுத் தட்டாக உரியும் பாறை ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் விண்ணப்பமாகிறது; சரளை மேடு கிராவலுக்கு விண்ணப்பமாகிறது. வருவாய்ப் பதிவேட்டில் இத்தகைய நிலம் 'கல்லாங்குத்து' என்றோ 'பாறைப் புறம்போக்கு' என்றோ இருக்கும். ஈமக்காடு என்று எந்த அடங்கலும் சொல்லாது. கல்வட்டத்தின் கற்களை ஒருவர் அகற்றிவிட்டால் தரையில் அடையாளமே மிஞ்சாது. அடியிலுள்ள அறை அப்படியே இருந்தாலும் அது காலி நிலமாகத்தான் கண்ணில் படும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்கிறது. அதற்கு அப்பால் 200 மீட்டரில் கட்டுப்பாடு விதிக்கிறது. மாநிலத்துக்கென 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆனால் அந்த வளையம் பட்டியலில் ஏறிய இடங்களுக்குத்தான். ஏறாத ஈமக்காட்டுக்கு உங்கள் கள ஆய்வு அறிக்கையே முதல் பாதுகாப்பு.

கல்லே எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டுக்கும் சாலைக்கும் கல் வேண்டும். நாங்கள் கேட்பவை மூன்று.

ஒன்று: குத்தகைக்கான துல்லியமான பரப்பை விண்ணப்பதாரருக்கு அறிவிக்கும் முன்பே தொல்லியல் அலுவலரோடு கூட்டாய்வு நடக்க வேண்டும். சுரங்கத் திட்டமும் சுற்றுச்சூழல் அனுமதியும் முடிந்தபின் கல்லறை தெரியவந்தால் வழக்கு, தடையாணை, குத்தகைதாரருக்கு நட்டம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் எல்லையைச் சற்று நகர்த்தினால் போதும்.

இரண்டு: ஏற்கெனவே அறியப்பட்ட பெருங்கற்கால இடங்களைச் சர்வே எண் வாரியாக உங்கள் குத்தகை வரைபடத்தில் ஏற்றுங்கள்.

மூன்று: களத்துக்குப் போகும் ஊழியர்களுக்கு அடையாளங்களைக் கற்றுக்கொடுங்கள். வளைவாகக் கிடக்கும் உருண்டைக் கற்கள், தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகை விளிம்பு, கருப்பு-சிவப்பு ஓடுகள். இவற்றில் ஏதேனும் தென்பட்டால் வேலையை நிறுத்தித் தகவல் தர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேருங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் இதே அரசுதான் பெருமையோடு அறிவித்தது. அதே மாவட்டத்தின் பாறைகளுக்குக் குத்தகை தருவதும் இதே அரசுதான். ஒரு துறை தேடும் சான்றை இன்னொரு துறையின் அனுமதிச் சீட்டு ஜல்லியாக்கிவிடக் கூடாது. இதைத் தடுக்கப் புதிய சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் சுற்றறிக்கை ஒன்றே போதும். அடுத்த குத்தகை விண்ணப்பம் பரிசீலனைக்கு வருமுன் அதை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்