தலையாட்டிப் பேசும் மொழி

வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்பார்கள். சாட்சி சொல்ல வாய் வேண்டும். ஓணானுக்கோ குரலே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆயினும் அது நாள் முழுவதும் தன் இனத்தாரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. தலையாலும் காலாலும் தோலின் நிறத்தாலும் நடைபெறும் பேச்சு அது.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் அலுவிகாரையைத் தாண்டிப் பலாபத்வலைக்கு வருகிறவர்கள், வெயில் ஏறும் காலை வேளையில் தோட்டத்து வேலிக் கம்பங்களைச் சற்று நின்று பார்க்கவேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தோளும் செக்கச்செவேலென்று சிவந்திருக்கும். தொண்டையில் கருமை படர்ந்திருக்கும். முன்னங்கால்களை ஊன்றி, உடலைத் தூக்கித் தூக்கி இறக்கித் தலையை ஆட்டும். ஆங்கிலேயர் இந்தச் சிவப்பைக் கண்டு இதற்கு இரத்தம் உறிஞ்சி என்று பெயரிட்டார்கள். பாவம், பூச்சிகளைத் தின்று வாழும் பிராணி அது. இந்த வேலி என்னுடையது என்று பிற ஆண்களுக்கும், நான் இங்கே இருக்கிறேன் என்று பெண்களுக்கும் ஒரே அசைவில் அறிவிக்கிறது. போட்டிக்கு வந்த ஆண் தோற்றுவிட்டால் அதன் சிவப்பு விரைவில் மங்கிவிடும். மெல்ல இறங்கிப் போய்விடும். கடியின்றியே பல வழக்குகள் தீர்கின்றன. நம் ஊர்க் காணி வழக்குகள் இவ்வளவு விரைவில் தீர்ந்து நாம் கண்டதில்லை.

நம் சிறுவர்களோ ஓணான் தங்களைப் பார்த்துப் பழிப்பதாக எண்ணிக் கல்லெடுக்கிறார்கள். அணில் இராமருக்கு உதவியது, ஓணான் அவமதித்தது என்ற பாட்டி கதையும் அவர்களுக்குத் துணை நிற்கிறது. அணிலுக்குக் கிடைத்த மூன்று கோடுகளுக்கு ஈடாக இதற்குக் கிடைத்தது கல்லடி!

இவ்வினத்தின் தூரத்து உறவினர் ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். தாடி ஓணான் என்று அவரை அழைக்கலாம். இன்று மேல்நாட்டு வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படுகிறார். அவுஸ்திரேலிய அரசு தன் நாட்டு உயிரினங்களை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்வதைப் பல பத்தாண்டுகளாகத் தடுத்து வைத்திருப்பதால், இவை பெரும்பாலும் வெளிநாடுகளில் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. சினம் கொண்டால் தொண்டைத் தோலை உப்பவைத்துக் கறுக்கச் செய்யும், அதுவே தாடி. விரைவாகத் தலையாட்டினால் அதிகாரம். மெல்ல ஆட்டினால் பணிவு. ஒரு முன்னங்காலைத் தூக்கி வட்டமாகச் சுழற்றினால், நான் சிறியவன், என்னை ஒன்றும் செய்யாதே என்று பொருள்.

நம் மாணவர் ஒருவரின் தமையனார் கனடாவில் இவற்றில் இரண்டை ஒரே தொட்டியில் வளர்த்து வந்தார். ஒன்றின் முதுகின்மேல் மற்றொன்று படுத்திருக்கும் படத்தை அனுப்பி, அண்ணன் தம்பி போல் இருக்கின்றன, சின்னது எங்களைப் பார்த்துக் கையசைக்கிறது என்று மகிழ்ச்சியுடன் எழுதியிருந்தார். மாணவர் அதை நம்மிடம் காட்டினார். நமக்கு அதில் பாசம் தென்படவில்லை. விளக்கின் வெப்பம் விழும் நல்ல இடத்தைப் பெரியது பிடித்துக்கொண்டு, சிறியதை அமுக்கிக் கிடந்தது. வெப்பம் போதாவிட்டால் இப்பிராணிக்கு இரை செரிக்காது. சின்னது சரியாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டு எழுதச் சொன்னோம். இரண்டு வாரமாக இரையைத் தொடுவதில்லை என்று பதில் வந்தது. வேறு தொட்டிக்கு மாற்றிய பின்னர் அது உண்ணத் தொடங்கிற்று. அந்த வீட்டார் வணக்கமாக எண்ணியது, அது நாள்தோறும் விடுத்துவந்த முறையீடு.

தனித்து வாழும் பிராணியாயினும் இது மந்தபுத்தி அன்று. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2014இல் வெளியிட்ட சோதனையில், பயிற்றப்பட்ட தாடி ஓணான் ஒன்று கம்பிக் கதவைத் தலையால் தள்ளித் திறப்பதைப் பார்த்திருந்தவை தாமும் திறந்தன. அதைப் பாராதவை திறக்கவில்லை.

பலாபத்வலைக்குக் கிழக்கே எழும் நக்கிள்ஸ் மலைத்தொடரில், உலகில் வேறெங்கும் இல்லாத இலைமூக்கு ஓணான் வாழ்கிறது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டின் பெயரை 1861இல் அதற்கு இட்டார்கள். அழகே அதற்குப் பகை. வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக இத்தகைய ஓணான்களைத் திருடிச் செல்வோர் பெருகவே, 2019இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு அதன் வணிகத்தை முற்றாகத் தடுக்கும் பட்டியலில் சேர்த்தது.

மாணவர்கள் இவற்றைத் தேடி மலையேற வேண்டுவதில்லை. பிடித்து வளர்க்கவும் வேண்டாம். பத்தடி தொலைவில் அசையாமல் அமர்ந்து, வேலி ஓணான் எத்தனை முறை தலையாட்டுகிறது, எதிரே யார் வந்தபோது நிறம் மாறுகிறது என்று ஒரு கொப்பியில் ஒரு வாரம் குறித்து வரட்டும். காலை எட்டு மணிக்குமேல், மழையில்லாத நாள் நல்லது.